அழைப்பு வருமுன் ஆயத்தமாவோம்



பத்திரிகையில் விளம்பரம் இல்லை. கச்சேரியின் அறிவித்தற் பலகையிலும் ஒரு கடதாசி இல்லை. ஆனால், ஒருநாட் காலை நம்மூர்க் குளக்கட்டிலே வேற்றூர் இயந்திரம் வந்து நிற்கின்றது. “எங்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை?” என்று அப்பொழுதுதான் நாம் கேட்கின்றோம். சதி என்று ஏசிவிட்டு வீடு திரும்புவது எளிது. சிற்சில இடங்களில் அது சதியாகவும் இருக்கலாம். ஆனால், பெரும்பாலான இடங்களில் நம் பெயர் பட்டியலிலேயே இருப்பதில்லை. அது யார் குற்றம்?

அரசாங்கக் கொள்வனவில் பகிரங்கக் கேள்வியே பொதுவிதி. வழங்கக்கூடியோர் மிகச் சிலராயின், தெரிந்தெடுத்தோரை மட்டும் அழைக்க இடமுண்டு. சிறு தொகைக் கொள்வனவுகளையோ, பதிவுசெய்த வழங்குநர்களிடம் விலை கேட்டே முடித்துவிடுவர். நம்மவர் ஆண்டுதோறும் கைநழுவ விடுவது இந்த இரண்டாம் வகையையே.

அடுத்த ஆண்டுக்கான வழங்குநர் பதிவு பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில் நடைபெறுகின்றது. காலபோக விதைப்பில் நாம் மூழ்கியிருக்கும் காலம் அது! வைத்தியசாலைக்கு ஒரு பட்டியல், பிரதேச சபைக்கு இன்னொன்று, பல்கலைக்கழகத்துக்கு வேறொன்று. ஒன்றிற் பதிந்தவர் பெயர் மற்றதில் தானாக ஏறாது. ஆகவே, வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விபரம், முன்பு செய்த வேலைகளுக்கான நற்சான்றுக் கடிதங்கள் ஆகியவற்றை ஒரு கோவையில் இப்பொழுதே சேர்த்து வையுங்கள். கட்டட வேலையாயின் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் தரப்பதிவு வேண்டும். 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தமாயின் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரசாங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழான பதிவையும் கவனிக்கவேண்டும்.

கமக்காரர் ஒருவர் தனித்து நின்று வைத்தியசாலைக்கு ஆண்டு முழுவதும் மரக்கறி வழங்க முடியாது. மழை பிந்தினால் அவர் கதை முடிந்தது. பத்துத் தோட்டங்களின் விளைவைத் திரட்டும் கூட்டுறவுச் சங்கமொன்று வழங்கலாம். முதலிற் சிறிய வழங்கலொன்றை ஏற்று, குறித்த நாளிற் குறித்த நிறையைக் கொடுத்து, அதற்கு எழுத்திற் சான்று பெறுங்கள். அடுத்த அழைப்பின்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கடிதமே. விலையைக் கண்மூடிக் குறைத்துக் கையைச் சுட்டுக்கொள்ளவும் வேண்டாம். அரசாங்கப் பணம் பிந்தியே வரும் என்று கணக்கிட்டு விலை கூறுங்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது ஒப்பந்தகாரர் பலர் நிலுவைக்காக நெடுநாள் அலைந்ததை மறந்துவிட்டோமா?

இவ்வளவும் செய்தபின்னரும் புறக்கணிக்கப்பட்டால் வாளாவிருக்க வேண்டியதில்லை. தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. யார் யார் அழைக்கப்பட்டனர், எந்தக் காரணத்தால் பகிரங்கக் கேள்வி தவிர்க்கப்பட்டது என்பவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுள் தீர்மானிக்கவேண்டும். வாயாற் கேட்பதில் பயனில்லை, எழுத்திற் கேளுங்கள்.

இன்னுமொன்று. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்பது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை. பதிவுப் படிவம் வேறு மொழியில் மட்டும் நீட்டப்பட்டால், தமிழ்ப் படிவம் கேட்டு அன்றைக்கே கடிதம் கொடுங்கள். அதன் பிரதியொன்றை நமக்கும் அனுப்பிவையுங்கள்.