பூனையோடு பழக ஒரு வழி

உங்கள் வீட்டு மதில்மேல் ஒரு பூனை வந்து உட்காருகிறதா? கிட்டே போனால் ஓடிவிடுகிறதா? அதை உற்றுப் பார்க்காதீர்கள். பூனைக்கு அது மிரட்டல். சற்றுத் தள்ளித் தரையில் உட்காருங்கள். கண்ணைப் பாதி மூடி, மெதுவாக இமையுங்கள். ஆமாம், மெதுவாக. 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். இப்படி இமைத்தவர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், அவர்கள் பக்கம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தன.

விருந்துக்குப் போன வீட்டில், கைக்குழந்தையைச் சட்டென்று தூக்கினால் அழும். பேசாமல் இருந்தால் தானே தவழ்ந்து வரும். அப்படித்தான் பூனையும். கிட்டே வந்தால் தூக்காதீர்கள். மூக்குக்கு நேராக ஒரு விரலை நீட்டுங்கள். முகர்ந்து, கன்னத்தை உரசினால், அந்தக் கன்னத்தை மட்டும் தடவுங்கள். வயிறு வேண்டாம். காது பின்னால் மடிந்தால் கையை எடுத்துவிடுங்கள். நாளைக்கும் மதில் அங்கேதான் இருக்கும்.