எர்திக் மாளிகையில் ஒரு பகல்

நோயாளியைக் காணச் செல்வோர், "இவருக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று வினவுவது வழக்கம். அருகில் நிற்பவரைப் பார்த்து, "நீங்கள் நேற்றிரவு உறங்கினீர்களா?" என்று கேட்போர் அரியர். அவ்வாறு கேட்கப்படாத சிலருடன் ஒரு பகல் சென்றுவந்த செய்தியை இன்று கூற விழைகின்றேன்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் மூன்று திங்கள் தங்கியிருந்தேன். என் தமக்கையார் அங்கே தம் மகளுடன் வாழ்ந்துவந்தார்கள். மறதிநோய் அவர்களைப் பற்றியிருந்தது. மகள் அலுவலகம் சென்றபின் உணவூட்டுவதும் கைப்பிடித்து நடத்துவதும் என் பொறுப்பாயின. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை மேய்த்த எனக்கு, ஒரே வினாவுக்கு இருபது முறை விடை கூறும் பொறுமை இல்லையென்பது இரண்டாம் வாரமே வெளிப்பட்டுவிட்டது. ஒருநாள் குரலை உயர்த்திவிட்டேன். அக்காள் அழவில்லை. "ஐயா, தாங்கள் யார்?" என்று மரியாதையோடு கேட்டார்கள்.

அன்றிரவே அவர்கள் மகள் என் பெயரை ஓர் உலாக் குழுவில் பதிந்துவிட்டாள். வீட்டில் நோயுற்றோரை ஊதியமின்றிப் பேணுவோரை அந்நாட்டில் 'கேரர்' என்பர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 58 இலட்சம் பேர் தம்மை இவ்வாறு குறித்தனர். அத்தகையோர் இருபதின்மர் பேருந்தில் எல்லை கடந்து, வேல்ஸில் ரெக்ஸம் நகருக்கு அருகிலுள்ள எர்திக் மாளிகைக்குச் சென்றோம். (எழுத்தில் இரண்டு 'டி' இருப்பினும் வேல்ஸ் மொழியில் அது ஏறக்குறைய நம் 'த'கரமாக ஒலிக்கும்.)

1680களில் எழுந்த மாளிகை அது. கட்டியவர் கடனில் மூழ்கினார். 1733 முதல் யார்க் குடும்பத்தார் அதனை ஆண்டனர். அடியில் நிலக்கரி தோண்டியதால் கட்டடமே ஒருபுறம் ஐந்தடி அளவு அமிழ்ந்தது. 1973இல் கடைசி உரிமையாளர் அதனை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்திடம் ஒப்படைத்தார்.

பிற மாளிகைகளில் பிரபுக்களின் படங்களையே காண்போம். இங்கோ தச்சன், கொல்லன், வேட்டைக் காவலன், ஒட்டடையடித்த ஜேன் எப்ரெல் என்னும் மூதாட்டி ஆகியோரின் உருவங்களை 1790களில் வண்ணத்தில் எழுதுவித்து, தலைவரே ஒவ்வொருவர்மீதும் செய்யுளும் இயற்றினார். படம் எழுதியதால் வேலைப்பளு குறைந்திராது என்பது வேறு. ஆயினும் வாளியும் துடைப்பமும் பிடித்த கைகளை எவரோ நின்று நோக்கியிருக்கிறார். அந்த மூதாட்டியின் படத்தின் முன்னே எங்கள் குழு நெடுநேரம் நகரவில்லை.

பணியாளர் நடைவழியில் மணிகள் வரிசையாகத் தொங்கின. எந்த அறையிலிருந்து அழைப்பு என்பதை அவற்றால் அறிவார்களாம். என்னுடன் வந்த ஓர் அம்மையார் நிமிர்ந்து பார்த்து, "எங்கள் வீட்டில் ஒரே ஒரு மணிதான். பத்தொன்பது ஆண்டுகளாக ஒலிக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் பாதிப்பேரின் கைகள் கைப்பேசியைத் தேடின. என் கையும் தேடியது.

தேநீர் வேளையில் அவ்வம்மையாரிடம் நான் குரலை உயர்த்தியதைச் சொன்னேன். அவர் எனக்கு அறிவுரை ஏதும் கூறவில்லை. "நான் ஒருமுறை தட்டை எறிந்தேன்" என்று சொல்லி, தம் கேக்கில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

மாலையில் வீடு திரும்பியதும் அக்காள், "ஐயா, தாங்கள் யார்?" என்றார்கள்.

"உன் தம்பி, அக்கா" என்றேன்.

உறங்கப்போகும்முன் இன்னும் நான்கு முறை கேட்டார்கள். நான்கு முறையும் சொன்னேன்.