சென்சர் பழுதும் டிரைவரின் சம்பளமும்



நாவலப்பிட்டி மழையில் ஓடும் புதுரகப் பெக்கோ இயந்திரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவை குறைந்தால், பழி முதலில் டிரைவர் மேல்தான் விழுகிறது. திரையில் வரும் இலக்கம் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது.

புகை வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சருக்கு இரண்டு சிறு குழாய்கள் உண்டு. அவை வெடித்தாலோ கரி அடைத்தாலோ, வயர் இணைப்பில் தண்ணீர் இறங்கினாலோ அளவு பிழைக்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திறந்தால் அளவு பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முதலில் வயரையும் சென்சரையும் பார்ப்போம்.

வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னால் மறுப்போம். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் அறிவித்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நம் ஆட்களே.

சோதித்த விவரத்தை எழுத்தில் காட்டாமல் சம்பளத்தில் வெட்டினால், தோட்டத் தலைவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.