எடைக் குறைப்பும் முதல் வார மயக்கமும்

(போனக்காட்டில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் புலவர்கள் இலக்கியம் பேசுவர். பிள்ளைகள் ஆடியும் பாடியும் நம்மை மகிழ்விப்பர். அவற்றினிடையே உடல் எடையைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். யாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றி வருகிறோம். ஆயினும், பார்சல்களை நிறுத்துச் சீட்டெழுதுவோர்க்கு எடையின் இயல்பு ஓரளவு தெரியுமன்றோ? அந்தத் துணிவோடும், நூல்களில் படித்தறிந்த செய்திகளோடும் உங்கள்முன் நிற்கிறோம்.

கூடை சுமந்து மலையேறி இறங்கிய நம் பாட்டிமார்க்கு எடையைக் குறைக்கும் கவலை இருந்ததில்லை. இன்று நம் பிள்ளைகள் விதுராவிலும் நெடுமங்காட்டிலும் திருவனந்தபுரத்திலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் உட்கார்ந்து வேலை செய்கின்றனர். உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. மருத்துவரும் "எடையைக் குறையுங்கள்" என்கிறார். நம்மவரும் உறுதியோடு தொடங்குகின்றனர். ஆனால் தொடங்கியவருள் பலர் ஒரு திங்களுக்குள் கைவிட்டு விடுகின்றனர். அதற்குப் பெருங்காரணம், முதல் வாரத்தில் தராசு காட்டும் எண்ணைத் தவறாகப் பொருள் கொள்வதே என்பது எம் கருத்து.

ஒருவர் 74 கிலோ இருக்கிறார் என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 500 கலோரி அளவு உணவைக் குறைக்கிறார். முதல் வாரத்தின் முடிவில் 72 கிலோ. வீடே மகிழ்கிறது. "வாரம் இரண்டு கிலோ என்றால் இரண்டு திங்களில் பதினாறு கிலோ" என்று கணக்குப் போடுகின்றனர். இரண்டாம் வாரம் அரைக் கிலோவே குறைகிறது. மூன்றாம் வாரம் ஒரு திருமண விருந்து. தராசில் நூறு கிராம் கூடிவிட்டது. "இனி நமக்கு இது பலிக்காது" என்று சோர்ந்து, பழைய உணவுக்கே திரும்பி விடுகிறார். உண்மையில் அவர் தோற்கவே இல்லை. அவருடைய முயற்சி மூன்று வாரமும் ஒரே சீராகப் பலன் தந்து வந்தது; தராசு அதனைக் காட்டவில்லை, அவ்வளவே.

இஃது எவ்வாறு எனின், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் வாழும் போனக்காட்டார்க்குத் தேயிலையைக் கொண்டே விளக்கலாம். இங்குத் தொழிற்சாலையின் ஓசை அடங்கிப் பல ஆண்டுகள் ஆயினும், கொழுந்தின் கணக்கை நம் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். பறித்த கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீரே. 100 கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டும் தட்டில் பரப்பி ஓர் இரவு காற்றோட்டம் கொடுத்தால், விடியலில் ஏறக்குறைய 70 கிலோவே நிற்கும். முப்பது கிலோ எங்கே போயிற்று? நீராய்ப் போயிற்று. தேயிலையின் சாரத்தில் ஒரு பிடியும் குறையவில்லை. மழைநாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிவு வைப்பதும் இதனாலன்றோ? நீரின் எடை வேறு, பொருளின் எடை வேறு என்பதை நம் முன்னோர் நிறுவைக் களத்திலேயே அறிந்திருந்தனர். உணவுக் கட்டுப்பாட்டின் முதல் வாரமும் ஒரு வாட்டலே.

நம் உடல், நாம் உண்ணும் சோறு, கிழங்கு, சர்க்கரை இவற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாக ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. அன்றாடச் செலவுக்கு வீட்டுப் பானையில் வைக்கும் அரிசி போன்றது இது. வளர்ந்த ஒருவரின் உடலில் இஃது ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். இதன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்தவுடன் உடல் முதலில் எடுத்துச் செலவிடுவது இந்தப் பானை அரிசியையே. அது கரையக் கரைய அதனைப் பற்றியிருந்த நீரும் சிறுநீராய் வெளியேறுகிறது. இதனாலேயே ஒரு கிலோ முதல் இரண்டு கிலோ வரை சில நாட்களில் குறையக்கூடும்.

இதனோடு வேறு இரண்டும் சேரும். உணவு குறையும்போது இரத்தத்தில் இன்சுலின் என்னும் சுரப்பு தணிகிறது. அது தணிந்தால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும். உப்பு போகும் வழியில் நீரும் போகும். மேலும், குறைவாக உண்பவர் வயிற்றிலும் குடலிலும் தங்கியிருக்கும் உணவின் எடையும் குறைவு. இவையனைத்தும் தராசில் எடைக் குறைவாகவே தோன்றும். ஆனால் இவற்றுள் ஒன்றேனும் கொழுப்பன்று.

கொழுப்பின் கணக்கு வேறு. உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3500. அஃதாவது, வாரத்துக்கு அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கொழுப்புக் கரைய வேண்டுமாயின் நாள்தோறும் 2200 கலோரி பற்றாக்குறை வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் பலர்க்கு ஒரு நாளின் முழு உணவே அவ்வளவு இராது. ஆகவே, "ஏழு நாளில் ஐந்து கிலோ" என்று விளம்பரம் செய்து மாவும் மாத்திரையும் விற்போர் எதனைக் குறைத்துக் காட்டுகின்றனர் என்பதை நீங்களே உணரலாம். நம் பணத்தை வாங்கிக்கொண்டு நம் நீரை நம்மிடமிருந்தே வெளியேற்றுகின்றனர்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கும் தாய்மார்கள் இதனைத் தம் அனுபவத்திலேயே அறிவர். சூரசம்காரத்தன்று உடல் இலேசாகி, வளையல் தளர்ந்து காணப்படும். விரதம் முடித்து இரண்டு நாள் சோறும் குழம்பும் உண்டால் பழைய எடை திரும்பிவிடும். இரண்டு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு எவர்க்கும் ஏறிவிடாது. காலியான பானை நிரம்பியது, நீர் திரும்பியது. விருந்துக்கு மறுநாளும், கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் உண்ட மறுநாளும் எடை கூடுவது பெரிதும் உப்புப் பிடித்து வைத்த நீரே. பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தங்குவதும் இயல்பே. இவற்றைக் கண்டு அஞ்சி முயற்சியைக் கைவிடலாகாது.

முன்சொன்ன அன்பர் நான்காம் வாரமும் பொறுமையோடு இருந்திருப்பாராயின், தராசு 70½ கிலோவுக்கு அருகில் நின்றிருக்கும். மூன்றரைக் கிலோக் குறைவில் பாதிக்கு மேல் கொழுப்பு, மற்றது நீர். அதனால்தான் எடையை நாள்தோறும் பார்த்துக் களிப்பதும் வாடுவதும் வேண்டா என்கிறோம். வாரத்தில் ஒரே நாள், காலையில் கழிவறை சென்று வந்தபின், உண்ணுமுன், ஒரே தராசில், ஒரே வகை உடையில் நிறுத்துக் குறித்து வைத்தல் போதும். நான்கு வாரக் கணக்கைச் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு செய்தல் வேண்டும். இரயில் சரக்குப் பெட்டியின் பக்கத்தில் அதன் வெறும் எடையை எழுதி வைத்திருப்பர். அதனைக் கழித்தாலன்றிச் சரக்கின் எடை தெரியாது. நம் உடலில் நீரின் எடையை எழுதி வைக்க இடமில்லை. ஆதலின் இடுப்பளவு நாடாவையும் துணைக்கொள்ளுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்பளவின் எல்லை என மருத்துவர் வகுத்துள்ளனர். தராசு அசையாத வாரத்திலும் நாடா சுருங்குவது உண்டு.

அளவுக்கு மீறி உணவைக் குறைத்தால் வேறொரு தீங்கும் நேரும். அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், 1944-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய ஆய்வொன்றில் 36 இளைஞர்களை அவர்தம் விருப்பத்தோடே 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அதனோடு தசை கரைந்தது, உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது, குளிர் தாங்கவில்லை, மனம் சோர்ந்து எந்நேரமும் உணவையே எண்ணலாயினர். கால்களில் நீர் கோத்து வீங்கிற்று. கொழுப்பும் தசையும் போன இடத்தை நீர் நிரப்பியது. பட்டினி வேறு, உணவுக் கட்டுப்பாடு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தசையைக் காக்கப் பயறு, முட்டை, மீன், மோர் இவற்றைக் குறைக்காமல், நடையையும் விடாமல் இருத்தல் வேண்டும். தேநீரில் இடும் சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம், இரண்டாம் முறை வாங்கும் சோறு, சோற்றோடு சேர்த்து உண்ணும் மரவள்ளிக்கிழங்கு இவற்றிலேயே கைவைக்கலாம். ஒரு குவளைத் தேநீருக்கு இரண்டு சிறு கரண்டிச் சர்க்கரை எனில் நாற்பது கலோரி. நாளுக்கு ஐந்து குவளை அருந்துவோர்க்கு இருநூறு கலோரி அங்கேயே மிச்சம்.

மூன்று எச்சரிக்கைகளை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் திடீரென உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். இரத்த அழுத்தத்துக்கு, குறிப்பாக நீர் பிரிக்கும் மாத்திரை கொள்வோர்க்கு, முதல் வாரத்தில் வெளியேறும் உப்பும் நீரும் சேர்ந்து தலைசுற்றலைத் தரலாம். இவர்களுக்கு மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டியிருக்கும். இஃது ஒன்று. கருவுற்ற பெண்களும், பாலூட்டும் தாய்மாரும், வளரும் பிள்ளைகளும், மெலிந்த முதியோரும் தாமாகவே உணவைக் குறைத்தல் கூடாது. இஃது இரண்டு. முயற்சி ஏதுமின்றி எடை தானே குறையுமாயின் அது மகிழ்ச்சிக்கு உரியதன்று; சர்க்கரை நோயோ காசநோயோ பிறிதொரு நோயோ உள்ளிருக்கக்கூடும்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இஃது மூன்று. கூலி வராத மாதங்களில் வயிறு ஒட்டி இளைத்த குடும்பங்கள் இம்மலையில் உண்டு. இளைப்பெல்லாம் நலமன்று என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இறுதியாக ஒரு நற்செய்தி. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். வாழ்க்கை முறையை மாற்றாது விட்டவர்களுள் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவை ஒழுங்குபடுத்தி உடலுழைப்பைக் கூட்டியவர்களுள் நூற்றுக்கு 39 பேரே ஆயினர். வியப்பு யாதெனில், இவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! தராசு சாட்சி சொல்லாத இடத்திலும் ஒழுங்கான உணவும் நடையும் உடலைக் காத்தன.

ஆகவே அன்பர்களே! முதல் வாரத்து எடைக் குறைவைக் கண்டு பெருமிதம் கொள்ளற்க. மூன்றாம் வாரத்துத் தேக்கத்தைக் கண்டு மனம் தளரற்க. வாரம் அரைக் கிலோ என்பது சிறிது போலத் தோன்றும். ஆயினும் பத்து வாரத்தில் அது நான்கு, ஐந்து கிலோவாகும்.  நம் இல்லங்களில் எவரேனும் இம்முயற்சியில் இருப்பின், "இவ்வாரம் எவ்வளவு குறைந்தது?" என்று வினவுவதை விடுத்து, "இவ்வாரமும் விடாது செய்தீரா?" என்று கேட்டு ஊக்குவிப்போமாக.