உறுதிப் பெட்டியில் ஒரு தச்சர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்வோரிடம் குருக்கள் மூன்று தலைமுறையின் பெயர்களைக் கேட்பார். தந்தை, பேரன், பூட்டன் என்று பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கின்றோம். அதற்கு அப்பாலுள்ள முன்னோர் பெயரின்றியே நின்றுவிடுகின்றனர். அவ்வாறு பெயர் நழுவிப்போன ஒருவரைத் தேடிச் சென்றதில் நாம் அறிந்தவற்றை இச்சபையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

எமது வீட்டில் குடும்ப வரலாறு பூட்டனாரோடு தொடங்கும். அவர் மிசன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞரானவர். சுவரிலே படமாகத் தொங்குபவரும் அவரே. அவருடைய தந்தையார் யார், என்ன தொழில் செய்தார் என்று கேட்டால், "காணி பூமி உள்ள மனிசர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் வரலாறு இவ்வாறு முதல் உத்தியோகத்தரோடுதான் பிறக்கின்றது. அவருக்கு முன்னே கையால் உழைத்தவர்களை வீடு மறந்துவிட்டதா, மறைத்துவிட்டதா? இந்தக் கேள்வியே எம்மைத் தேட வைத்தது.

வீடு மறந்தாலும் காணி எளிதில் மறப்பதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி கைமாறும்போது நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க உறுதி முடிக்க வேண்டுமென்று விதித்தது. அவ்வுறுதியிலே காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைக்காரரின் பெயர்கள், யாரிடமிருந்து எவ்வழியாக வந்தது என்ற விபரம் யாவும் எழுதப்படும். ஆகவே ஓர் உறுதி அதற்கு முந்திய உறுதிக்கு வழிகாட்டும். வாசிப்போர் அளவையிலும் கருத்தூன்ற வேண்டும்: மேட்டுக்காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர், வயற்காணியில் 24 பரப்பு ஓர் ஏக்கர்.

இதனோடு தேசவழமையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் தொகுத்தளித்த இவ்வழமையை, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றனர். அது ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுக்கின்றது. மணவாழ்விலே உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். மகளுக்குக் கொடுத்தால் சீதனம். பெற்றோர் வழியாக மரபில் இறங்கினால் முதுசம். எனவே ஒரு தொழிலாளியின் உழைப்பு பெரும்பாலும் பெண்மக்கள் வழியாகவே பயணம் செய்கின்றது. தந்தை வழியை மட்டும் தேடுபவர் பாதி வழியிலே நின்றுவிடுவார்.

எமக்கு நேர்ந்ததும் இதுவே. எமது வீட்டுப் பெட்டியிலிருந்த உறுதிகள் பூட்டனாரோடு நின்றுவிட்டன. பழைய உறுதிகள் அவருடைய தங்கையின் வழியில் வந்த, எமக்கு ஆச்சி முறையான ஒருவரின் வீட்டில் இருந்தன. குடியிருந்த வளவு அத்தங்கைக்குச் சீதனமாகப் போனமையால், பெட்டியும் வளவோடு போயிற்று.

அந்தப் பெட்டியில் மூன்று உறுதிகள் கிடைத்தன. முதலாவது, 1889இல் நாலு பரப்பு வாங்கிய விலை உறுதி. வாங்கியவர் பெயரோடு தச்சுத்தொழில் என்றும் எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது, அதே காணியை 1907இல் ஈடு வைத்த உறுதி. ஒன்பது வருடத்தின் பின் ஈடு மீட்கப்பட்ட குறிப்பும் உண்டு. மூன்றாவது, 1921இல் மகளுக்கு எழுதிய சீதன உறுதி. மூன்றிலும் அவர் புள்ளடியே இட்டிருக்கின்றார். மூன்றாவதிலே சாட்சியாக அவருடைய மகன், எமது பூட்டனார், ஆங்கிலத்தில் ஒப்பமிட்டிருக்கின்றார். ஒரே தாளில் ஒரு புள்ளடியும் ஓர் ஆங்கில ஒப்பமும்!

பின்னர் பூட்டனார் கற்ற பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பைப் பார்த்தோம். அவர் சேர்ந்த வருடம் 1907. தந்தையின் தொழில் என்ற நிரலில் தச்சர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஈடு வைத்த வருடமும் அதுவே. ஈட்டுப் பணம் படிப்புக்கே சென்றதென்று எந்தத் தாளும் சொல்லவில்லை. ஆயினும் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு வேறென்ன தோன்றும்? ஆச்சி தம் தாயார் சொல்லக் கேட்டதையும் சொன்னார்: விடியுமுன் வாய்ச்சிச் சத்தம் கேட்குமாம். வளையிலே செருகியிருந்த ஒரு முழக்கோலை எடுத்து எம் கையிலே தந்தார். கையெழுத்துத் தெரியாதவர் அங்குலக் கணக்குப் பிசகாமல் வீடு கட்டியிருக்கின்றார்.

இச்செய்தியை வீட்டிலே சொன்னபோது மூத்தவர் ஒருவர், "தம்பி, இதையெல்லாம் ஏன் கிளறுறாய்? கலியாணம் பேசுற நேரத்தில இது தேவையா?" என்றார். அவர் எம்மீது கோபங்கொண்டு சொல்லவில்லை, அச்சத்தாற் சொன்னார். அவ்வச்சத்திற்கு இவ்வூரிலே காரணமும் உண்டு. ஆயினும் பணிவோடு ஒன்று கேட்போம். வாய்ச்சி பிடித்த கையை மறைத்து, அந்தக் கை படிப்பித்த படிப்பை மட்டும் சுவரில் மாட்டுவது நன்றியாகுமா?

மற்றொரு ஆபத்தையும் சொல்லல் வேண்டும். ஒல்லாந்தர் தோம்பு எழுதினர். இன்னாருக்கு இன்ன காணி, இன்ன குடும்பம், இன்ன சாதி என்று பதிந்தது, தலைவரி வாங்கவும் ஊழியம் வாங்கவுமே. எஞ்சிய தோம்புகள் கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அவற்றைப் புரட்டி அயலவரின் சாதியைத் தேடி இழிவுபேச முனைவோமாயின், ஒல்லாந்தன் போன பின்னும் அவனுக்குக் கணக்கெழுதுபவராவோம். சாதியைக் கேளாமல் தொழிலைக் கேட்போம். அத்தொழிலைச் செய்த மனிதரைக் கேட்போம். காணியே இல்லாதவருக்கு உறுதியும் இல்லை. கூலிக்கு உழைத்தவரின் பெயர் முதியோரின் நாவிலன்றி வேறெங்கும் இராது.

நேரமும் எம் பக்கமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலே உறுதிகளைப் பையிலே சுமந்து நடந்தவர்கள் இச்சபையிலும் இருக்கின்றீர்கள். சுமக்க இயலாது விட்டுவந்தவர்களும் இருக்கின்றீர்கள்.

ஆதலால் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒவ்வொருவரும் ஐந்து தலைமுறையின் பெயரை, பெண்வழியையும் சேர்த்து, அவரவர் தொழிலோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய உறுதிகளைப் படமெடுத்து வையுங்கள். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பிள்ளைகள் கேட்கும்போது றங்குப்பெட்டியைத் திறந்து காட்டுங்கள். அதிலே ஒரு தச்சரோ, கொல்லரோ, நெசவாளரோ இருந்தால் அவர் பெயரை உரக்கச் சொல்லுங்கள். எமது படிப்பு அவர்களுடைய தேடியதேட்டம்.