பின்னறைக்கு எட்டாத அலை

(நம் சங்க ஆண்டு விழாவில் இணையக் குழுவினர் சார்பாகப் படிக்கப்பெற்ற உரை)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. அம்மரபை விடுத்து, வீட்டுச் சுவரையும் கேபிள் சுருளையும் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். பொறுத்தருள வேண்டுகின்றோம். நாங்கள் இழைத்த ஒரு தவற்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கின்றது. அத்தவறு வைஃபை பற்றியது.

2020-ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் நம் ஞாயிறு தமிழ் வகுப்பு இணையத்துக்கு மாறியதை அறிவீர்கள். மதுரையிலுள்ள ஆசிரியை ஒருவர் அன்புடன் இசைந்து பாடம் சொல்லித் தருவதால், நோய் அகன்ற பின்னும் வகுப்பு இணையத்திலேயே நடைபெறுகின்றது. ஐந்து வகுப்புகளுக்கு வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிடலாம் என்பது விதி. அவ்விதியின்படி ஒரு சிறுமியின் பெயரையும் அவள் தம்பியின் பெயரையும் நீக்கினோம். "பிள்ளைகள் ஏமாற்றவில்லை, வகுப்பில் உட்காரத்தான் செய்கிறார்கள், பேச்சு அறுந்து அறுந்து போகின்றது" என்று அவர்கள் தாயார் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. அவ்வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தை விட்டு 300 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறியிருந்தார்கள். அவ்வளவு வேகத்துக்குப் பணம் கட்டுகின்றவர் வீட்டில் இணைப்பு அறுந்துபோகுமா என்பதே எங்கள் வாதம்.

தீபாவளிக்கு அவ்வீட்டுக்குச் சென்றிருந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. ரூட்டர் வாயிற்கதவை ஒட்டிய முன்னறையில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியும் தாத்தாவின் கட்டிலும் இருந்தமையால், பிள்ளைகள் படிப்பது சமையலறைக்கு அப்பாலுள்ள பின்னறையில். எங்களுள் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்த அலை அளக்கும் செயலியைத் திறந்தார். முன்னறையில் −41 என்று காட்டிற்று, பின்னறையில் −86. இவ்வெண் எப்போதும் கழித்தல் குறியோடுதான் வரும். ஒவ்வொரு பத்து குறையும்போதும் வலிமை பத்தில் ஒரு பங்காகி விடுகின்றது. அந்தக் கணக்கில், முன்னறையிலிருந்த அலையின் முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான் பின்னறையில் எஞ்சியிருந்தது! முகம் பார்த்துப் பேசும் பேச்சு அறாமல் நடக்க −67 அளவிலாவது அலை இருத்தல் நலம். அச்சிறுமி ழகரத்தை ஒலிக்க முயன்றபோதெல்லாம் ஆசிரியையின் திருத்தம் அவளை எட்டவே இல்லை. நாங்களோ அவள் பெயரைச் சோம்பேறிகளின் பட்டியலில் எழுதிவிட்டோம்.

ஏரி நிறைந்திருந்தும் கடைமடைக்கு நீர் எட்டாத கதைதான் இது. நாம் மாதந்தோறும் பணம் கட்டி வாங்கும் வேகம் ரூட்டர் வரையில் வருவது. அதற்குப் பின் அறைக்கு அறை அதைக் கொண்டு செல்வது அலையின் வேலை; அங்கே திட்டத்தின் விலை செல்லாது. 300 என்பதை 500 ஆக்கினாலும் அந்தப் பின்னறையில் −86 அப்படியேதான் நின்றிருக்கும்.

சுவரை அலை கடக்கும் என்பதை நம் நாட்டவர் ஒருவரே உலகுக்குக் காட்டினார். 1895-ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் அனுப்பிய மின்காந்த அலை, இடையிலிருந்த சுவர்களைக் கடந்து சென்று தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தது. சுவர் அலையைக் கடக்கவிடும். ஆனால் சுங்கம் வாங்காமல் விடாது. ரூட்டர்கள் பெரும்பாலும் இருவகை அலைகளை அனுப்புகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதிற் பாதி. முன்னது சுவரை ஓரளவு பொறுத்துக்கொண்டு தூரம் செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆனால் இரண்டு செங்கற் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.

நம் குடியிருப்புகளின் கட்டடங்கள் பழையவை. ஒன்பது அங்குலச் செங்கற் சுவர், இரும்புக்கம்பி நிறைந்த கூரை. போதாக்குறைக்கு நம் வீட்டுப் பொருள்களும் சேர்ந்துகொள்கின்றன. இரும்பு பீரோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். நிலைக்கண்ணாடியின் பின்னாலுள்ள உலோகப் பூச்சும் அப்படியே. சத்தீஸ்கரின் கோடையில் நம் சன்னல்தோறும் உட்கார்ந்திருக்கும் கூலர் இருக்கின்றதே, அது இரும்புத் தகடு, உள்ளே தொட்டி நிறையத் தண்ணீர். தகடு அலையைத் தடுக்கும், தண்ணீர் விழுங்கும். மேலும் மூன்று மாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டு ரூட்டரும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் 1, 6, 11 என மூன்றே. அண்டை வீட்டார் எதில் இருக்கின்றனர் எனப் பார்த்து, நாம் நெரிசல் குறைந்ததை எடுத்துக்கொள்வது நல்லது.

காசு செலவில்லாத மருந்தை முதலில் சொல்லிவிடுகின்றோம். ரூட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். இணைப்புக் கொடுக்க வருபவர், கம்பி நுழையும் இடத்திலேயே அதை மாட்டிவிட்டுப் போய்விடுவார்; நாமும் அவர் வைத்த இடமே விதித்த இடம் என்று இருந்துவிடுகின்றோம். ஒரு வீட்டில் அது பித்தளைப் பாத்திர அலமாரிக்குள் இருந்தது. தூசு படியாமல் இருக்கட்டும் என்று வைத்தார்களாம்!

இடம் மாற்றியும் போதாத வீடுகள் உண்டு. அவற்றுக்கு இரண்டாவது பெட்டி வேண்டும். இங்கேதான் நாங்கள் மறுபடியும் தவறு செய்தோம். சங்க நூலகத்தின் உள்ளறைக்கென்று ரிப்பீட்டர் ஒன்று வாங்கி, அலை எட்டாத அந்த அறையிலேயே செருகினோம். தானே கேட்காத ஒன்றை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ரிப்பீட்டரை நல்ல அலை இருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஒரு குறை உண்டு. எளிய ரிப்பீட்டர் ஒரே வழியில் கேட்டு, அதே வழியில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். இந்தி பேசும் ஊரில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கூட்டம் நடத்திய நமக்கு இது புதிதன்று. ஒரு மணி நேரப் பேச்சு இரண்டு மணி நேரமாகும். அவசரத்துக்கு அது உதவும். வகுப்புக்கும் தேர்வுக்கும் அதை நம்பியிருக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

எங்கள் அனுபவத்தில் சிறந்தது எதுவென்றால், கம்பியில்லா இணையத்துக்குக் கம்பியைத் துணைக்கு அழைப்பதே. முன்னறை ரூட்டரிலிருந்து பின்னறைக்கு ஒரு கேபிள் இழுத்து, அதன் முனையில் இரண்டாவது பெட்டி ஒன்றை வைத்தால், அலை சுவரைத் துளைக்க வேண்டிய தேவையே இல்லை. இவ்வாறு வேலை செய்யும் பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் என்பர். கேட்-6 என்னும் கேபிள் 100 மீட்டர் வரையில் 1000 எம்.பி.பி.எஸ். வேகத்தைக் குறையாமல் எடுத்துச் செல்லும். நம் வீடுகளுக்கு 15 அல்லது 20 மீட்டரே போதும். கடையில் தூய செம்புக் கம்பி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும். எளிதில் ஒடிந்தும் போகும்.

புதிய பெட்டி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. திட்டம் மாறியபோது பரணில் போட்ட பழைய ரூட்டர் பல வீடுகளில் உறங்குகின்றது. அதையே ஆக்சஸ் பாயின்டாக மாற்றலாம். முதலில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, முதல் ரூட்டரின் முகவரியோடு மோதாத வேறு முகவரியை அதற்குக் கொடுங்கள். அடுத்து டி.எச்.சி.பி. என்பதை நிறுத்துங்கள். வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் எண் வழங்கும் பணி அது; ஒரு வீட்டில் ஒருவரே அதைச் செய்ய வேண்டும். நாங்கள் இதை ஒரு வீட்டில் மறந்துவிட்டு வந்தோம். மறுநாள் காலை அவ்வீட்டில் எந்தக் கைப்பேசிக்கு இணையம் வரும், எதற்கு வராது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இரு நாட்டாண்மைகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்ன கதை! கேபிளை, 'வான்' என்று எழுதிய துளையில் அன்றி, 'லேன்' என்று எழுதிய துளையில் செருக வேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டு பெட்டிக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். 1, 6, 11 என்ற வழி மட்டும் வேறாக இருக்கட்டும். சில ரூட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட் முறை' என்றே ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தால் இவற்றுட் பெரும்பாலானவற்றை அதுவே செய்துகொள்ளும்.

வாடகை வீட்டிலும் நிறுவனக் குவார்ட்டர்ஸிலும் சுவரைத் துளைக்க அனுமதி பெற வேண்டும். நாங்கள் பெரும்பாலும் துளைக்கவில்லை. கதவு நிலையின் மேல்விளிம்பிலும், கூலர் வைத்த சன்னல் இடுக்கிலும் கேபிளைக் கொண்டு சென்றோம். மின்சாரக் கம்பி செல்லும் குழாயில் இதைச் சேர்த்து இழுக்கலாகாது. மொட்டைமாடி வழியே இழுப்பதாயின் இடி மின்னலையும் குரங்குகளையும் நினைவிற் கொள்க. மின்னல் எங்களை இதுவரை தீண்டவில்லை. குரங்குகள் இருமுறை கேபிளை அறுத்தன.

கேபிள் இழுக்கவே இயலாத வீட்டுக்கு 'மெஷ்' என்னும் அமைப்பு இருக்கின்றது. இரண்டு மூன்று பெட்டிகள் தமக்குள் தாமே பேசிக்கொண்டு ஒரே வலையாக இயங்கும். ரிப்பீட்டரைக் காட்டிலும் மேலானது, விலையும் அதற்கேற்ப. தமக்குள் பேசத் தனி அலைவரிசை ஒதுக்கியுள்ள பெட்டிகளாகப் பார்த்து வாங்கினால் வேகம் அதிகம் குறையாது. ஆயினும் பெட்டி கூடக் கூட நன்மை கூடும் என்று எண்ண வேண்டாம். இரண்டறைக் குவார்ட்டர்ஸில் மூன்று பெட்டி வைத்திருந்த நண்பர் வீட்டில், ஒன்றின் பேச்சு முடிய மற்றொன்று காத்திருந்ததுதான் மிச்சம்! ஒன்றை நிறுத்தியதும் நிலைமை சீரடைந்தது. நிறுத்திய பெட்டி எங்கே போயிற்று என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கின்றோம்.

இன்னொன்று. அறை மாறியதும் கைப்பேசி அருகிலுள்ள பெட்டிக்கு உடனே தாவும் என்று எதிர்பார்க்கின்றோம். எப்போது தாவுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் கைப்பேசியே. சில கைப்பேசிகள் பழைய உறவை எளிதில் விடமாட்டா. அப்போது வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

அந்தச் சிறுமியின் வீட்டுக்குத் திரும்ப வருவோம். ஒரு சனிக்கிழமை மாலையில் 18 மீட்டர் கேபிளும் அவர்களுடைய பழைய ரூட்டரும் கொண்டு வேலையை முடித்தோம். பின்னறையில் −49 காட்டிற்று. அவள் தந்தை 100 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கே திரும்பிவிட்டார். அக்காள் தம்பி இருவர் பெயரும் வகுப்பேட்டில் மீண்டும் எழுதப்பெற்றன. அவர்கள் தாயாரிடம் வீட்டில் மன்னிப்புக் கேட்டோம். இந்த அவையிலும் கேட்டுக்கொள்கின்றோம். எந்தப் பிள்ளையின் பெயரையும் நீக்குமுன் எங்களுள் ஒருவர் வீட்டுக்குச் சென்று பார்த்து வரவேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கின்றது.

அடுத்த தெருவில் தனியாக இருக்கும் பாட்டியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மே மாதத்து 45 டிகிரி வெயிலிலும் வராந்தாவில் நின்றே கைப்பேசியில் பேசுவார். "உள்ளே வந்து பேசுங்களேன், பாட்டி" என்றோம். "உள்ளே போனால் பேரன் முகம் அப்படியே நின்றுபோகிறது, தம்பி" என்றார். அந்த மூன்றாவது மெஷ் பெட்டியை நண்பர் அவருக்குக் கொடுத்துவிட்டார். தனியாகவும் ஆக்சஸ் பாயின்டாக இயங்கக்கூடிய வகை அது. கேபிள் இழுத்துப் படுக்கையறையில் வைத்தோம். அலை எவ்வளவு கூடிற்று என்று விளக்கத் தொடங்கினோம். அவர் அதைக் கேட்கவில்லை. "இனிக் கட்டிலில் படுத்துக்கொண்டே பேசலாம், இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

மீதமுள்ள கேபிள் சுருளும், முனை பொருத்தும் கருவியும், சோதிக்கும் கருவியும் சங்க நூலகத்தில் இருக்கின்றன. பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். வகுப்பில் சேர்ந்துள்ள பிள்ளைகளின் வீடுகளுள் இன்னும் ஏழு வீடுகளை நாங்கள் பார்க்கவில்லை. வரும் ஞாயிறு காலை 8 மணிக்குப் புறப்படுகின்றோம். மாடி வீட்டார் அன்புகூர்ந்து ஏணி ஒன்று ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். எங்களிடம் உள்ள ஏணி குட்டை.