மாமையும் முகப்பூச்சும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழராகிய நாம், நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் தாய்மொழியைப் பற்றியும் பெரிதும் கவலைப்படுகிறோம். ஆனால், நம் பெண்மக்கள் தம் மேனி நிறத்தைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்று கேட்பதில்லை. அதைக் கற்பிக்கும் பொறுப்பை விளம்பரங்களிடம் விட்டுவிட்டோம்.

விளம்பரங்கள் கற்பித்தது யாது? 1975-ஆம் ஆண்டு ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு விற்பனைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைப்பதில்லை, வரன் அமைவதில்லை. பூச்சைச் சில வாரங்கள் தடவினால் இரண்டும் கைகூடுகின்றன. இத்தகைய கதைகளையே அதன் விளம்பரங்கள் பல ஆண்டுகள் காட்டி வந்தன. கறுத்த நிறத்தாரைத் தாழ்ந்தோராகக் காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல் நெறி வகுத்தது. 2020-இல் அப்பூச்சின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. பெயர் மாறிற்று, மணமகள் தேடும் விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்னும் நிபந்தனை இன்னும் மறையவில்லை.

தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காப்பதும் அதுவே. அந்நிறமியைக் குறைப்பதற்கென விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு நாளடைவில் தோலை மெலியச் செய்யும்.

வெண்மையே அழகென்பது நம் பழைய இலக்கியம் தந்த பாடமன்று. சங்கப் புலவர்கள் மகளிரிடம் போற்றிய அழகுகளுள் ஒன்று ‘மாமை’. அது மாந்தளிரின் நிறம். பிரிவுத் துயரால் அந்நிறம் மங்கி வெளிறுவதைப் ‘பசலை’ என்று நோயாகவே கருதினர். அத்துயரைச் சொல்லவே திருவள்ளுவர் ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அன்று வெளிறுவது அழகின் இழப்பு; இன்று அதனையே விலை கொடுத்து வாங்குகிறோம்.

வெளியூர்ப் பள்ளியில் நம் பெண்ணை ‘காலீ’ என்று, அதாவது கறுப்பி என்று, கேலி செய்வோர் இருக்கலாம். அவள் அதைத் தாங்கி வீடு திரும்பும்போது, “வெயிலில் நிற்காதே, இன்னும் கறுத்துவிடுவாய்” என்று நாமும் சொன்னால் அவள் எங்கே போவாள்? திரையில் தோன்றும் விளம்பரத்தை நிறுத்த நம்மால் இயலாது. வீட்டில் அச்சொல்லை நிறுத்த இயலும். மகனுக்குப் பெண் தேடி நாம் எழுதும் விளம்பரத்தில் நிறத்தைக் குறிக்கும் சொல்லை அடித்துவிடவும் இயலும். அதை இன்றே செய்வோம்.